ஓடாத மெஷினுக்கு வாடகை கட்டுகிறவர்களுக்கு

அன்புள்ள அக்காமாரே, தங்கச்சிமாரே,

வீட்டில் ஒன்றுக்கு மேல் தையல் மெஷின் வைத்துக்கொண்டு, அதில் எது கடைசியாக எப்போது ஓடியது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். ஓவர்லாக் மெஷினின் பலகையில் நூல் கோன்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கிடைத்த இடத்தில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத ஒரு மேசை இந்த வீட்டில் உண்டு. அதன் மேல் பீகோ மெஷின் உட்கார்ந்திருக்கிறது. மேசைக்கு அடியில் இரண்டு சாக்கு வெட்டுத் துணி, ஒரு ஆரி ஸ்டாண்ட், கழுத்து உடைந்த ஒரு டம்மி பொம்மை. கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

மதுரையில் மாடி வீடு. வாடகை வீடு. 540 சதுர அடி. அதற்குள் இத்தனை நாளும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மகளும் ஆறு மெஷின்களும் குடியிருந்தோம்.

ஆறும் எப்படி வந்தன என்று சொன்னால் உங்கள் வீட்டுக் கதையும் அதற்குள் இருக்கும். முதலாவது அம்மாவின் கறுப்பு சிங்கர். தங்க நிறப் பூ வேலை பாதி தேய்ந்துவிட்டது. அடித்தட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தது என்றார் மெக்கானிக் அண்ணன். அந்தத் தொழிற்சாலையையே 1980இல் மூடிவிட்டார்கள். மெஷின் மட்டும் என் வீட்டுப் பரண் மேல் பழைய சேலை சுற்றிக்கொண்டு கிடந்தது. இரண்டாவது, கட்டிலோடும் பீரோவோடும் கல்யாணச் சீரில் வந்த உஷா, காலால் மிதிப்பது. மூன்றாவது, பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய பிளாஸ்டிக் உடம்பு மோட்டார் மெஷின். இருபது வகைத் தையல் போடும் என்று அட்டையில் போட்டிருந்தது. நான் போட்டது நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும்தான். நான்காவது ஓவர்லாக். ஐந்தாவது பீகோ, ஏனென்றால் கேட்டில் போர்டு மாட்டினால் ‘ஃபால்ஸ், பீகோ அடித்துத் தரப்படும்’ என்ற வரி இல்லாமல் நன்றாக இருக்காது. போர்டு இன்னும் எழுதவில்லை. ஆறாவது, மூடப்போகிற ஒரு யூனிட்டில் 12,000 ரூபாய்க்குப் பழையதாக எடுத்த பவர் டேபிள். நிமிடத்துக்கு 5,000 தையல் போடக்கூடியது. அதில் நான் தைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது மாதம் பத்துப் பிளவுஸ்.

ஆறில் வாராவாரம் ஓடுவது மோட்டார் மெஷினும் ஓவர்லாக்கும். பீகோ எப்போதாவது. மற்ற மூன்றும் சும்மா கிடந்தன.

ஒருநாள் இஞ்சி டேப்பை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பவர் டேபிளின் பலகை நாலு அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். ஏழு சதுர அடி. ஸ்டூல் போட, முழங்கை நகர, ஆள் உள்ளே போய் வர என்று சேர்த்தால் பதினெட்டு. எங்கள் வாடகை 9,000. அப்படியானால் அந்த மெஷின் நிற்கும் இடத்துக்கு மட்டும் மாதம் 300 ரூபாய் கட்டுகிறேன். வாங்கி மூன்றரை வருஷம் ஆகிறது. 12,600 ரூபாய். வாங்கிய விலையைவிட அது நின்ற வாடகை அதிகம். உங்கள் வீட்டில் ஒருமுறை இதைப் போட்டுப் பாருங்கள். சொந்த வீடுதானே என்பவர்கள் சதுர அடிக்கு என்ன கொடுத்துக் கட்டினீர்களோ அதை வைத்துப் போடுங்கள், இன்னும் வலிக்கும்.

வீட்டை ஒழுங்காக வையுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதைச் சொல்ல நம் எல்லோர் வீட்டிலும் ஆள் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பவர் டேபிளில் சட்டையை மடித்து வைக்கப் பழகிக்கொண்டு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருஷம் கோடையில் ஒரு சாயங்காலம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண் வந்தாள். வயது நாற்பத்து நாலு. புருஷன் போய் ஒன்றரை வருஷம். கல்யாணத்துக்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்த கை. காலர் முனையைத் திருப்பி எடுக்கிற லாகவத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றுவரை வராது. இப்போது ஒரு கடையில் இன்னொருவர் மெஷினில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் தைக்கிறாள். ‘அக்கா, உங்ககிட்ட நாலஞ்சு மெஷின் இருக்குன்னு சொன்னாங்க. ஒண்ணு வாடகைக்குக் கிடைக்குமா? ராத்திரியில வீட்ல தைச்சா ஸ்கூல் பீஸுக்கு ஆகும்’ என்று கேட்டாள்.

‘எல்லாம் ரிப்பேர்ல கெடக்கும்மா’ என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து போய் உஷாவின் மூடியைத் திறந்தேன். சக்கரத்தைத் திருப்பினால் திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருப்பினேன். அசையவில்லை. தோல் பெல்ட் காய்ந்து, வளைக்கும் இடத்தில் வெடித்திருந்தது. ஷட்டில் போகும் பாதையில் செம்பழுப்பாகத் துரு. நான் சொன்னது பொய் என்றுதான் நினைத்துப் படுத்திருந்தேன். மெஷின் என் பொய்யை எப்போதோ மெய்யாக்கி வைத்திருந்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திட்டவில்லை. அவருக்கு இது பழக்கம். ‘தையல் எண்ணெய் மெஷின் ஓடுற வரைக்கும்தாங்க எண்ணெய். நின்னா பிசினு’ என்றார். ஓட்டம் நின்ற மெஷினில் எண்ணெய் தூசியோடு சேர்ந்து இறுகி, தண்டையும் துளையையும் ஒட்டிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இன்னும் மோசம் என்று என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மோட்டார் மெஷின் கதை வேறு: உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரம் வருஷக்கணக்கில் நின்றால் வெடிக்கும், ரப்பர் எல்லாம் பிசுபிசுக்கும். பவர் டேபிளுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி உண்டு. மெஷின் ஓடினால்தான் அந்த எண்ணெய் மேலே ஏறும், நின்றால் மேலே இருப்பதெல்லாம் வறண்டு நிற்கும். உஷாவின் தலையைக் கழற்றி எடுத்துப் போய், மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஓட்டி, துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டு நாலு நாளில் கொண்டுவந்தார். ஓடுகிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் இரும்பு விலைதான் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நாம் ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லை நான் அன்றோடு விட்டுவிட்டேன். வெண்கலப் பானையைப் பரணில் வைத்தால் பத்து வருஷம் கழித்துப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். மெஷின் பானை இல்லை, மாடு மாதிரி. கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டு வந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்காது.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ‘அரசாங்கத்தில்தான் இலவச மெஷின் கொடுக்கிறார்களே, அங்கே கேட்கலாமே’ என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழ்நாட்டு அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். எத்தனையோ வீட்டில் அந்த மெஷின்தான் அடுப்பை எரிய வைத்திருக்கிறது. அதற்கு வயது 20 முதல் 40 வரை. இவளுக்குப் புருஷன் போனபோது நாற்பத்து இரண்டு முடிந்திருந்தது. எந்தத் திட்டத்துக்கும் ஒரு கோடு வேண்டும், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தவள் நம் தெருவில் இருக்கிறாள். நம் வீட்டில் மெஷின் சும்மா இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை, நம் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர.

நீங்கள் சொல்லப் போகும் பதில்கள் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று.

‘அது அம்மா மிதித்த மெஷின்’ என்பீர்கள். இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். மெஷின் மிதித்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் என் அம்மா. அந்தக் கறுப்பு சிங்கரை நானும் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். எண்ணெய் போட்டாயிற்று. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கைச்சக்கரத்தைச் சுற்றி, தலையணை உறையாவது ஒன்று தைக்கிறேன். ஞாபகத்துக்கு ஒன்று போதும். ஆறும் அம்மா ஞாபகம் என்று நான் சொன்னால் அம்மாவே சிரிப்பாள்; பவர் டேபிளை அவள் கண்ணால் கண்டதில்லை.

பழைய சிங்கருக்கு லட்சக்கணக்கில் விலை வரும் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 2009இல் சவூதி அரேபியாவில் ஒரு புரளி கிளம்பியது: பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், ஊசிப் பக்கம் செல்போனைக் கொண்டுபோனால் லைன் கட் ஆகுமாம், அப்படி ஆனால் அதற்குள் சரக்கு இருக்கிறதாம். ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள், விலை எங்கேயோ போனது, கடைசியில் ஒன்றுமில்லை. மெஷினுக்குள் இருப்பது இரும்பும் எண்ணெயும். லட்சம் வரும் என்று வைத்திருந்தால் துருதான் வரும்.

‘மகள் கற்றுக்கொள்வாள்’ என்பது அடுத்தது. என் மகள் பேன்ட் கீழ்மடிப்பு பிரிந்தால் சேஃப்டி பின் குத்திக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள். கற்றுக்கொண்டால் சந்தோஷம். அதற்கும் ஒரு மெஷின் போதும்.

‘கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய் விற்றுவிடுவார்கள்.’ இதைக் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. விற்கட்டுமே. காசு கொடுத்து வாங்குகிறவள் தைக்கத்தானே வாங்குவாள்? விற்றவளுக்கும் அன்றைக்கு அந்தக் காசு ஏதோ ஒரு அவசரத்துக்கு ஆகியிருக்கும். நம் பரணில் கிடந்தால் இரண்டு பேருக்கும் இல்லை. கொடுத்ததற்குப் பிறகும் அது நம் மெஷின் என்று நினைப்பதால் வருகிற கவலை இது.

யாரும் வெளியே சொல்லாத பதில் ஒன்று உண்டு. அது எனக்குத் தொண்டையில் நிற்பது. ‘கடை போடுவேன்.’ ஒவ்வொரு மெஷினையும் வாங்கும்போது அதுதான் மனதில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, பெயர்ப் பலகை, கட்டிங் டேபிள், இரண்டு பிள்ளைகள் ஊக்கு வைக்க. ஓவர்லாக் வந்தால் கடை போட்டுவிடலாம், பீகோ வந்தால் போட்டுவிடலாம், பவர் டேபிள் வந்தால் கட்டாயம் போட்டுவிடலாம். கடை வரவில்லை; மெஷின் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஐம்பத்து ஒன்று ஆகிறது, முழங்கால் வலி இருக்கிறது. மெஷினைக் கொடுத்தால் கடையும் போய்விடும் என்று பயந்துதான் அந்தப் பெண்ணிடம் ரிப்பேர் என்று சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படி இருந்தால் உங்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் முன்பு டெய்லர்கள் உட்கார்ந்திருந்தார்களே, பார்த்திருக்கிறீர்கள்தானே? திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஆளுக்கு ஒரு மெஷின். பின்னால் யாளி, முன்னால் மெஷின், மடியில் துணி. அழகர் திருவிழாவுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடை, தேருக்குத் தொம்பை, சாமிக்குப் பாவாடை, பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்குக் கட்டபொம்மன் சட்டை என்று எதைக் கேட்டாலும் அங்கேயே அளவெடுத்து, அங்கேயே வெட்டி, சாயங்காலத்துக்குள் கையில் கொடுப்பார்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்த இரண்டு தூண் இடைவெளியில் ஒரு மெஷினை வைத்துக் குடும்பம் நடத்தினார்கள் அவர்கள். என் வீட்டு ஹாலை அளந்தால் அதுபோல எத்தனையோ கடை போடலாம். எனக்குக் குறைந்தது இடமும் இல்லை, மெஷினும் இல்லை என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மதுரை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார். தைத்த துணியை உதறிய அதே மனிதர், மூன்று வருஷம் கழித்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டவரிடம், தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிய காரணம். (சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தால் அந்தக் கதை நிற்காது. பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபத்து நாலு பிள்ளை பெற்றவர் அவர். காந்திக்கு யாரோ நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள்.) ஒரு பெண்ணின் கைவலியைக் குறைத்தது என்பதற்காகக் கிடைத்த விலக்கு அது. பரண் மேல் கிடந்த என் மெஷினுக்கு அது செல்லுமா என்று எனக்குச் சந்தேகம்.

ஸ்டாண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தலையைக் கழற்றி இரும்புக்குப் போட்டு, மேலே கண்ணாடி வைத்து டீ குடிக்க மேசை செய்துகொள்ளும் சிலர் இதைப் படித்தால், உங்களுக்கு ஒரு வரி: தலை நன்றாக இருந்தால் அதையாவது ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வருகிற தீபாவளித் தையல் தொடங்குவதற்கு முன்னால், உங்களிடம் சும்மா நிற்கும் மெஷின்களில் ஒன்றை வெளியே அனுப்புங்கள். எல்லாவற்றையும் இல்லை. ஒன்றை. உங்களுக்குப் பெயர் தெரிந்த, வீடு தெரிந்த ஒருத்திக்குக் கொடுங்கள். யாரோ எங்கேயோ கொடுத்துக்கொள்வார்கள் என்று மூட்டையோடு மூட்டையாக அனுப்பாதீர்கள். தெருவில் கேட்டால் தெரிந்துவிடும்: கை தெரிந்தும் மெஷின் இல்லாதவள் யார் என்று நூல் கடைக்காரருக்குத் தெரியும், லைனிங் துணி விற்பவருக்குத் தெரியும், மெக்கானிக்குக்கு நன்றாகவே தெரியும்.

ஓட்டிப் பார்த்துக் கொடுங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அந்தப் பழமொழியைச் சாக்காக வைத்துக்கொண்டு பல் இல்லாத மாட்டையே கொடுக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு ஒரு மகராசி மெஷின் கொடுத்தாள், பாபின் கேஸ் இல்லை. வாங்கிக்கொண்டவள் வீட்டு மெஷினுக்கும் பவர் மெஷினுக்கும் கேஸ் வேறு என்று தெரியாமல் பஸ்ஸில் அலைந்து, பொருந்தாத ஒன்றை வாங்கி வந்து, நூல் அறுந்து அறுந்து, கடைசியில் தனக்குத்தான் கை போய்விட்டது என்று உட்கார்ந்துவிட்டாள். சர்வீசுக்குப் பணத்தை நீங்கள் கொடுங்கள். புது பெல்ட், 14ஆம் நம்பர் ஊசியும் 16ஆம் நம்பர் ஊசியும் ஒவ்வொரு பாக்கெட், நாலு பாபின், ஒரு புட்டித் தையல் எண்ணெய். அது தேங்காய் எண்ணெய் அல்ல என்று சொல்லியும் கொடுங்கள்.

முழுசாகக் கொடுக்க மனம் வராதவர்கள் இரவலாவது கொடுங்கள். தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைக்கு வெட்டின துணிக் கட்டு வீட்டுக்கு வரும். தைத்துத் திருப்ப நாள் கணக்கு உண்டு. அந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துக்கொண்டால் அந்தப் பருவத்துக் கூலியே போய்விடும். மூன்று மாதத்துக்கு உங்கள் மெஷின் அங்கே இருந்தால் நன்றாக ஓடி, நன்றாக எண்ணெய் குடித்து, நீங்கள் கொடுத்ததைவிட நல்ல நிலையில் திரும்பி வரும்.

இன்னொன்று, இது கொஞ்சம் கஷ்டமானது: கொடுத்த இடத்தில் புதிதாக ஒன்றை வாங்கி வைக்காதீர்கள். காலி இடத்தைப் பார்த்தால் நமக்குக் கை அரிக்கும், எனக்குத் தெரியும். எம்பிராய்டரி மெஷின் விலை குறைந்திருக்கிறது என்று போன வாரம்தான் ஒருத்தி எனக்குப் போன் பண்ணினாள். வைத்துவிட்டேன், ஆனால் விலை எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

உஷா போன வியாழக்கிழமை போய்விட்டது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானே போய், அன்றைக்கு ரிப்பேர் என்று சொன்னது சும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ‘ரிப்பேர் சரியாயிடுச்சாக்கா?’ என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு பையன்கள் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார்கள். தலையை நான் துண்டில் சுற்றிப் பிள்ளையைப் போல ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டில் ஜன்னலோரம் இடம் ஒதுக்கி, தரையைத் துடைத்து, ஒரு ஸ்டூல் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். வீடு மொத்தமே ஒரு அறைதான். இடம் இருந்தது.

அடுத்தது பவர் டேபிள். தலை மட்டுமே முப்பது கிலோவுக்குப் பக்கம், அதனால் யாருக்கு என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் அசைக்க வேண்டும். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் யாராவது காலர், கஃப் தைக்கத் தெரிந்து கரண்டு வசதியோடு இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வீட்டு மெஷினை இன்றைக்கே, இந்த மடலைக் கீழே வைத்ததும், மூடியைத் திறந்து சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஆளைத் தேடுங்கள். சுற்றாவிட்டால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பாபின் கேஸைத் தனியாக எங்கேயோ எடுத்து வைத்திருப்பீர்கள். அதையும் தேடுங்கள். எனக்கு பீரோவில், நகைப் பெட்டிக்குள் கிடைத்தது.

இப்படிக்கு,
இப்போது ஐந்து மெஷின் வைத்திருக்கும்
உங்களில் ஒருத்தி,
மதுரை